முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு மாற்று ரேடியேட்டர்: 37 மி.மீ. போதுமா, 52 மி.மீ. வேண்டுமா?

நீலவண்டி:

வணக்கம். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், கை கியர், ஏ.சி. உண்டு, டர்போ கிடையாது. போன வாரம் பானெட்டைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியேட்டரின் மேல் தொட்டி கண்ணில் பட்டது. கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பாசி படிந்த பழுப்பு நிறத்துக்கு மாறிவிட்டது. நகத்தால் தட்டினால் காய்ந்த கொட்டாங்கச்சியைப் போல் சத்தம் வருகிறது. மேல் ஹோஸ் சேரும் கழுத்தின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். அதன் ஓரத்தில் கூலன்ட் கசிந்து உலர்ந்து வெள்ளைப் பொடியாக நிற்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த பொருள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றியே ஆக வேண்டும்.

வார நாட்களில் சாதாரணமாக ஓட்டுகிறேன், விடுமுறையில் மலைப்பாதை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பந்தயத் தடத்தில், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். கடைசியாகப் போனபோது 15ஆவது நிமிடத்தில் வெப்பமுள் நடுவைத் தாண்டி ஏறியது. மெதுவாக ஒரு சுற்று ஓட்டியதும் இறங்கிவிட்டது.

மூன்று வழிகள் தெரிகின்றன. பழையதைப் போலவே பிளாஸ்டிக் தொட்டியும் மெல்லிய கோரும் (கூலன்ட் ஓடும் குழாய்களும், அவற்றின் இடையே ஃபின் என்ற மெல்லிய தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) உள்ளது; முழு அலுமினியத்தில் 37 மி.மீ. கோர், முழு அலுமினியத்தில் 52 மி.மீ. கோர். தடிமன் கூடினால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா?

வளைவுப்பிரியன்:

52 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் மூன்று ஆண்டுகளாக அதைத்தான் வைத்திருக்கிறேன். கோடைக் காலத்திலும் தடத்தில் ஒருமுறைகூடச் சூடேறியதில்லை. எப்படியும் கழற்றி மாட்டும் வேலை ஒன்றுதான். அதற்குப் பாதிக் கிணறு தாண்டுவானேன்?

பழையஇரும்பு:

அலுமினியத்துக்கு முன்னால் தாமிரத்தை நினைத்துப் பாருங்கள். தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் 400 என்றால் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 235தான். வழியில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். அலுமினியத்தில் அது எல்லோராலும் முடிகிற வேலை அல்ல.

பட்டறைக்காரர்:

நீலவண்டி, தம்பி, எதை வாங்குவது என்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். முள் ஏறியது வேகமாக ஓடும்போதா, நின்றுகொண்டிருக்கும்போதா? நிற்கும்போது சூடேறினால் ஃபேனையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஏறினால் காற்றோ கூலன்டோ போதிய அளவு போகவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு.

இரண்டாவது கேள்வி. காருக்கு அடியில், முன் பம்பரிலிருந்து பின்னோக்கி வரும் பிளாஸ்டிக் அடித்தட்டு இருக்கிறதா?

பழையஇரும்பு ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் பழைய முறையில் செய்த தாமிர ரேடியேட்டரில் குழாயும் ஃபின்னும் ஈயப் பற்றில் சேர்கின்றன. அந்தப் பற்று வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தாமிரத்தில் எடுத்த லாபத்தில் பெரும்பகுதி இந்த இணைப்பிலேயே போய்விடுகிறது. இன்றைய அலுமினியக் கோரை உலையில் பிரேசிங் செய்கிறார்கள், குழாயும் ஃபின்னும் ஒரே உலோகமாக ஒட்டிக்கொள்கின்றன. அலுமினியக் குழாயை அகலமாகவும் செய்ய முடிகிறது, அதனால் ஃபின்னைத் தொடும் பரப்பு கூடுகிறது. எடையும் வெகுவாகக் குறைவு. தாமிர ரேடியேட்டரோடு பிறந்த பழைய கார் என்றால் அதன் கோரை மட்டும் மாற்றிக்கொண்டு தாமிரத்திலேயே இருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். இந்தக் காருக்கு அது தேவையில்லை.

நீலவண்டி:

ஓடும்போதுதான் அண்ணா. நேர்ச்சாலை முடிவில் முள் ஏறியே இருக்கும். வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து ஃபேன் ஓடவிட்டால் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறது.

அடித்தட்டு இல்லை. வாங்கும்போதே இல்லை. சேறு தெறிக்காமல் இருக்க வைத்த தகடு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பட்டறைக்காரர்:

பாதி விடை அதில் இருக்கிறது தம்பி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டருக்குள் காற்று தானாக நுழையாது. முன்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் பின்பக்கம் குறைவாகவும் இருந்தால்தான் ஃபின்களுக்கு நடுவே புகும். முன்பக்கத்தில் அழுத்தம் உண்டாவது பம்பரின் வாயில் காற்று மோதுவதால். அந்த அழுத்தத்துக்கு வேறு வழி கிடைத்தால் ஃபின்களுக்குள் நெருக்கிக்கொண்டு போகுமா? போகாது. சுற்றிக்கொண்டு போய்விடும். அடித்தட்டு இல்லாத காரில் வாய் வழியாக வந்த காற்றில் நிறைய அப்படியே கீழே கொட்டிவிடுகிறது. அதோடு, காருக்கு அடியில் ஓடும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறி ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. முன்னால் குறைந்து பின்னால் கூடினால் என்ன மிஞ்சும்? ஃபேன் இருப்பதால் நிற்கும்போது இது தெரியாது. வேகத்தில்தான் தெரியும். உங்கள் கார் சொல்வதும் அதைத்தான்.

இப்போது தடிமன். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். கூலன்ட் 95 பாகை, உள்ளே வரும் காற்று 35 பாகை, இடைவெளி 60. முதல் 17 மி.மீ. தடிமனைக் கடக்கும்போது காற்று இந்த இடைவெளியில் பாதியை ஏற்றுக்கொள்கிறது என்று வையுங்கள். 65 பாகையில் வெளியே வருகிறது, ஏற்றியது 30. அடுத்த 17 மி.மீ.க்குள் நுழைவது இந்தச் சூடான காற்று. இடைவெளி 30தான், அதில் பாதி 15. மூன்றாவது 17 மி.மீ.க்கு 80 பாகைக் காற்றுதான் கிடைக்கிறது, அது எடுப்பது ஏழரை. ஆக முதல் அடுக்கு 30, இரண்டு அடுக்கு 45, மூன்று அடுக்கு 52.5. தடிமன் மும்மடங்கானது, வெப்பம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இதுவும் காற்றின் அளவு குறையவில்லை என்ற நினைப்பில். உண்மையில் கோர் தடிக்கத் தடிக்க காற்றுக்குத் தடையும் ஏறுகிறது. காற்று ஏற்கெனவே ஓடிப்போக வழி தேடும் காரில் 52 மி.மீ.யை வைத்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டு ஓடும்.

உங்கள் காருக்கு 37 போதும், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். அடித்தட்டை முதலில் தேடிப் பிடியுங்கள்.

வளைவுப்பிரியன்:

பட்டறைக்காரர் அண்ணா, உங்கள் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் என் கார் மூன்று ஆண்டு ஓடியது கற்பனை அல்ல. என்னுடையதில் டர்போ இருக்கிறது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 37இல் இருந்தபோது சூடேறியது, 52 போட்டதும் நின்றது. அடித்தட்டு இரண்டு நிலையிலும் இருந்தது. இன்னொன்று: தடித்த ரேடியேட்டரில் கூலன்ட் ஒரு லிட்டராவது கூடுதலாகப் பிடிக்கும். 20 நிமிடம் ஓடும் ஒருவருக்கு அந்தக் கூடுதல் உதவாதா?

பட்டறைக்காரர்:

டர்போ காருக்கு நீங்கள் செய்தது சரி. காற்று வழி நன்றாக இருந்து, வெப்பமும் ஏறக்குறைய இரு மடங்கு என்றால், கடைசி அடுக்கு தரும் ஏழரையும் வேண்டியதுதான்.

கூடுதல் கூலன்டைப் பற்றி மட்டும் நான் உடன்பட முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். பத்துப் பாகைக்கு 42. இந்த 1.6 எஞ்சின் முழு வேகத்தில் தருவது 85 கிலோவாட் சுமார். அதில் பாதிக்குக் குறையாத அளவு வெப்பம் கூலன்டில் இறங்கும், 42 கிலோவாட் என்றே வையுங்கள். அப்படியானால் அந்தக் கூடுதல் லிட்டர் உங்களுக்கு வாங்கித் தருவது ஒரே ஒரு நொடி. 20 நிமிடத்தில் ஒரு நொடி.

வளைவுப்பிரியன்:

ஒரு நொடியா! மூன்று ஆண்டாக இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி அண்ணா, இனிச் சொல்ல மாட்டேன்.

வெப்பமானி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீலவண்டி, டாஷ்போர்டு முள்ளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது, ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக. அது அசைந்துவிட்டது என்றால் காரியம் ஏற்கெனவே முற்றிவிட்டது.

மேல் ஹோஸை (எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் வரும் குழாய்) வெட்டி நடுவில் வைக்கும் இணைப்புக்குழாய் கிடைக்கிறது. அதில் ஓர் உணரி. குளிர்ந்த கூலன்ட் எஞ்சினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸிலும் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கதை சொல்லும். எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் மேலே 104, கீழே 99 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு ஏறினால், கூலன்ட் வேகமாக ஓடுகிறது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை என்று பொருள். மேலே 104, கீழே 75 என்றால் ரேடியேட்டர் நன்றாகவே குளிர்விக்கிறது, கூலன்ட்தான் மெதுவாக வருகிறது. தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முழுவதும் திறக்கவில்லை, பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகிறது. அந்த நிலையில் எவ்வளவு தடித்த ரேடியேட்டர் வாங்கினாலும் வீண்.

மழைத்துளி:

கூலன்டின் கலவையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளைக்கால் (உறையாமல் இருக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) கூடக் கூட வெப்பம் ஏந்தும் திறன் குறைகிறது. பாதிக்குப் பாதி கலவை, சுத்தத் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகவே ஏந்தும். உறைபனி எட்டாத இடத்தில் ஓட்டுபவர் 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் துருத்தடுப்பு இல்லாத வெறும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் கலக்க வேண்டும்.

மூடியும் புதிதாக வாங்குங்கள். திறந்த பாத்திரத்தில் 100இல் கொதிக்கும் தண்ணீர், 1 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே 120இல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருந்தால் அந்த 20 பாகைக் காப்பு இல்லாமல் போகிறது. பழைய பிளாஸ்டிக் தொட்டியை வைத்துக்கொண்டு மட்டும் கூடுதல் அழுத்த மூடியைப் போடாதீர்கள்.

சாய்கோணம்:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

இதே காருக்கு முழு அலுமினிய ரேடியேட்டர் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்தபோது கண்ணாடி போல் மின்னியது, மனம் குளிர்ந்துவிட்டது. மாட்டும்போதுதான் தெரிந்தது, அடியில் ரப்பர் குழிக்குள் உட்கார வேண்டிய இரண்டு முளைகளில் ஒன்று 4 மி.மீ. விலகியிருந்தது. கொஞ்சம் நெம்பினால் உட்கார்ந்துவிடும் என்று நெம்பினேன். உட்கார்ந்தும் விட்டது. எட்டாவது மாதம் கீழ்த் தொட்டியின் மூலையில், வெல்டிங் தொடங்கும் இடத்தில், ஈரம் கண்டது. கழற்றிப் பார்த்தால் வெல்டிங் கோட்டை ஒட்டியே ஒரு கீறல். முளை ரப்பரில் மிதக்காமல் உலோகத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது.

இப்போது வாங்கியதும் முதலில் பழையதையும் புதியதையும் தரையில் போர்வை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து அளக்கிறேன். முளைகளின் இடைவெளி, ஹோஸ் கழுத்துகளின் விட்டம், கழுத்து முனையில் ஹோஸ் நழுவாமல் இருக்க மேடு இருக்கிறதா, ஃபேன் மாட்டும் துளைகளில் திருகு சுத்தமாக ஏறுகிறதா, மூடி உட்காரும் தட்டு சமமாக இருக்கிறதா. டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து ஃபின்கள் வழியாக மறுபக்கம் பார்த்தால், நசுங்கிய இடமும் குழாயோடு ஒட்டாமல் நிற்கும் ஃபின்னும் தெரிந்துவிடும். விரல் நுனியால் ஃபின்னை மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிரேசிங் ஆன ஃபின் அசையாது. வெல்டிங் அழகாக இருப்பதைவிட, தொட்டிக்கும் கோருக்கும் நடுவில் தொடங்கி முடியும் இடங்களில் குழி இல்லாமல் இருப்பது முக்கியம்.

பட்டறைக்காரர்:

சாய்கோணம் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பின்பற்றுங்கள். மாட்டிய பிறகு செய்ய வேண்டிய இரண்டை நான் சேர்க்கிறேன்.

பிரேசிங்குக்குப் பயன்படுத்திய வேதிப்பொருளின் மிச்சம் புதிய அலுமினியக் கோருக்குள் இருக்கலாம். அது கூலன்டின் துருத்தடுப்பைக் கெடுக்கும். மாட்டுவதற்கு முன் வெந்நீரால் இரண்டு முறையும், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒரு முறையும் அலசிக் கொட்டுங்கள்.

இரண்டாவது, மின்கசிவு. நல்ல அலுமினிய ரேடியேட்டர்கள் ஊசித்துளை விழுந்து சாவதற்கு இதுவே அடிக்கடி காரணம், பழி மட்டும் ரேடியேட்டர் மேல் விழுகிறது. மீட்டரின் எதிர்முனையை பேட்டரியின் எதிர்முனையில் வையுங்கள். நேர்முனையை உலோகத்தில் படாமல் கூலன்டில் தொங்கவிடுங்கள். எல்லாம் அணைந்த நிலையில் ஒரு முறை பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு விளக்கு, ஃபேன், ஏ.சி. என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கேயோ எர்த் கம்பி கெட்டிருக்கிறது. எதைப் போடும்போது முள் குதிக்கிறதோ அதன் எர்த்தைத் தேடுங்கள்.

நீலவண்டி:

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன். எல்லாம் செய்தேன்.

37 மி.மீ. முழு அலுமினியம் வாங்கினேன். போர்வை விரித்து அளந்தேன், முளைகள் சரியாக இருந்தன. ஃபேன் துளை ஒன்றில் மட்டும் வெல்டிங் துளி இருந்தது, திருகு வெட்டியை விட்டுச் சுத்தம் செய்தேன். மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் உணரி வைத்தேன். அடித்தட்டு அப்போது வந்து சேரவில்லை. அதனால் முதலில் அது இல்லாமலேயே எனக்குத் தெரிந்த ஒரு நீண்ட ஏற்றத்தில் மூன்றாவது கியரில், ஒரே வேகத்தில் ஓட்டினேன். உச்சியில் மேலே 103, கீழே 97, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. புத்தம் புதிய ரேடியேட்டர்! மனம் சோர்ந்துவிட்டது.

பிறகு தட்டு வந்தது. அதை மாட்டியதோடு, பம்பர் வாயிலிருந்து கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏ.சி. பாகம்) வரை இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு வளைத்து வைத்தேன். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவே சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டினேன். மேலே, பூட்டுக் கம்பிக்கு அடியில், என் நான்கு விரலும் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது. அதையும் மூடினேன். அதே ஏற்றம், அதே கியர், ஏறக்குறைய அதே வெயில். மேலே 93, கீழே 82. அங்கேயே நின்றுவிட்டது. உச்சியில் வண்டியை ஓரங்கட்டி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முன்பு வித்தியாசம் 6, இப்போது 11. வெப்பம் ஒன்றுதான், பம்ப் ஒன்றுதான். ஏன் கூடியது?

வெப்பமானி:

அருமையான கேள்வி. முன்பு தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்து கிடந்தது. அது செய்ய முடிந்ததெல்லாம் செய்துவிட்டு கைவிட்டுவிட்டது. கூலன்ட் முழு வீச்சில் ஓடியது, வெப்பம் வெளியேறாமல் எஞ்சினிலேயே சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது 93இல் தெர்மோஸ்டாட் பாதிதான் திறந்திருக்கிறது. ரேடியேட்டர் வழியாகப் போகும் கூலன்ட் குறைவு, ஆனால் ஒவ்வொரு லிட்டரும் கூடுதலாகக் குளிர்ந்து வருகிறது. தெர்மோஸ்டாட் மறுபடியும் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. மேலும் திறக்க அதற்கு இடம் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம்தான் தடத்தில் உங்களுக்கு வேண்டியது.

வளைவுப்பிரியன்:

இதைப் படித்துவிட்டு நேற்று என் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தட்டு இருக்கிறது, ஆனால் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் குழாய்க்காக யாரோ இடது பக்கம் தாராளமாக வெட்டியிருக்கிறார்கள். கை முழுவதும் உள்ளே போகிறது. இந்த வாரம் மூடப்போகிறேன், அதன் பிறகு உணரியோடு ஓட்டிப் பார்த்து எண்களை இங்கேயே போடுகிறேன்.

நீலவண்டி:

கண்டிப்பாகப் போடுங்கள். பட்டறைக்காரர் அண்ணா, கடைசியாக ஒன்று. கூலன்ட் வெளியேறும் வழியை எஞ்சின் தலையின் (சிலிண்டர் ஹெட்) பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது எனக்குத் தேவையா?

பட்டறைக்காரர்:

இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காகப் படுத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே பம்ப் ஒரு முனையிலும் வெளிவழி மறுமுனையிலும் இருந்தன, கூலன்ட் நான்கு சிலிண்டரையும் கடந்துதான் வெளியேறும். எம்எக்ஸ்-5இல் எஞ்சினை நீளவாக்கில் வைத்தபோது பின்முனை தடுப்புச்சுவரை ஒட்டிவிட்டது, வெளிவழியை முன்னால் கொண்டுவந்தார்கள். அதனால் நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். டர்போ போடும்போது வழியை மாற்றுவது நல்லது. டர்போ இல்லாமல், 93இல் நிற்கும் காருக்கு அவசரமே இல்லை. ஹெட் கேஸ்கெட் வேலைக்காக எஞ்சினைத் திறக்கும் நாள் வந்தால் அப்போது சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

ஃபோம் ஒட்டியிருக்கிறீர்கள் அல்லவா, ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு இடைவெளி வழியாக வெளியே போன இலையும் பூச்சியும் இனி அங்கேதான் தங்கும். தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவான அழுத்தத்தில் விடுங்கள். அழுத்தம் கூடினால் ஃபின்கள் மடங்கிவிடும்.